உப்புக்காற்று ஊரில் ஒரு பாட்டு அறை: குரலுக்கு எந்த மைக் வாங்குவது?

#1 தங்கச்சிமடம்_பாடகி

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மாடியில் ஒரு சிறிய அறையை ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, கான்கிரீட் கூரை, பூசிய சுவர், டைல்ஸ் தரை. கை தட்டினால் கணீரென்று எதிரொலிக்கிறது. மடிக்கணினியும் நல்ல ஹெட்போனும் இருக்கின்றன. மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

பதிவு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, நான் பாடுகிற மாதா கோயில் பாடல்களும் தாலாட்டுகளும். என் குரல் மெல்லியது. இரண்டாவது, என் தாத்தாவின் அம்பாப் பாட்டு. வலை இழுக்கும்போதும் வள்ளம் தள்ளும்போதும் முன்னின்று பாடியவர் அவர். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. பாட்டு ஒரு வரிகூட மறக்கவில்லை. அவர் தொண்டை தாங்குகிற காலத்திலேயே அதை ஒழுங்காகப் பதிந்துவிட வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சென்னையில் இருக்கும் தோழி ஏடி2020 என்ற கண்டென்சர் வகை மைக்கை வாங்கச் சொல்கிறாள். கடைக்காரர் ஒருவர், “குரல் என்றால் எஸ்எம்7பி தான், கொஞ்சம் கடன் வாங்கியாவது அதையே வாங்குங்கள்” என்கிறார்; அது டைனமிக் என்ற இன்னொரு வகையாம். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு பேச்சு. நம் பக்கத்துக் கடற்கரையில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் சொன்னால் நம்பி வாங்குவேன்.

#2 மண்டபம்_ஒலி

வணக்கம் தங்கச்சி. மைக் பெயரைச் சொல்வதற்கு முன்னால் சில விவரங்கள் வேண்டும். தாத்தா பாடும்போது ஓரிடத்தில் நிற்பாரா, அசைவாரா? நீங்கள் மைக்குக்கு எவ்வளவு நெருக்கமாக நின்று பாடிப் பழக்கம்? அறையில் என்னென்ன சத்தம் கேட்கிறது?

கடைசிக் கேள்விக்கு நினைவிலிருந்து பதில் சொல்லாதீர்கள். காது பழகிய சத்தத்தை மனது கழித்துவிடும். கைபேசியை அறை நடுவில் வைத்து, கதவைச் சாத்தி, யாரும் இல்லாமல் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். விடியற்காலை, உச்சிப் பொழுது, இரவு பத்து மணிக்கு மேல் என்று தனித்தனியாகச் செய்து, ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். காதில் விழுந்ததை அப்படியே இங்கே எழுதுங்கள்.

#3 தங்கச்சிமடம்_பாடகி

சொன்னபடியே செய்தேன், அண்ணா. விடியற்காலையில் படகு இயந்திரங்களின் ‘தடதட’ அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சன்னலைச் சாத்தினாலும் அது மட்டும் போவதில்லை. பகலில் நெடுஞ்சாலை லாரிகள், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், குக்கர் விசில். இரவில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் கொல்லையில் நிற்கும் பனைமரத்தின் காய்ந்த ஓலை ஒன்று மட்டையில் உரசிக்கொண்டே இருக்கிறது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் என் கவனத்துக்கு வந்ததே இல்லை.

தாத்தா ஓரிடத்தில் நிற்க மாட்டார். கை தானாக வலை இழுக்கும், முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். ஒரு வரியை அவர் எடுத்துக்கொடுப்பார், மறுவரியைக் கூட இருப்பவர்கள் வாங்கிப் பாட வேண்டும். வாங்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் அவருக்குப் பாட்டே வராது. குரல் பெரியது. நான் அதற்கு நேர்மாறு, நெருங்கி நின்று பாடுகிறவள்.

#4 கீழக்கரை_மெட்டு

நான் சில வருடமாக வீட்டிலேயே முனாஜாத்து, பைத்து என்ற இஸ்லாமியப் பாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். பெரும்பாலும் பெண்கள் குரல், அதுவும் முதியவர்கள் குரல். என் கருத்தைத் திட்டமாகச் சொல்கிறேன்: மெல்லிய குரலுக்குக் கண்டென்சர்தான். மூச்சு எடுக்கும் இடம், ‘ழ’வில் நாக்கு மடங்கும் இடம், சொல்லின் கடைசியில் குரல் தேய்ந்து நிற்கும் இடம், இவையெல்லாம்தான் பாட்டுக்கு உயிர். டைனமிக் மைக்கில் சுருளும் அதை ஒட்டிய திரையும் சேர்ந்து அசைய வேண்டும். அந்தக் கனத்தில் மேல் சுரங்களின் நுணுக்கம் மழுங்கிப்போகிறது. எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்குக்கு நிறுவனமே எழுதிக்கொடுக்கும் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான். நல்ல கண்டென்சர் 20,000 வரை தாராளமாகப் போகும்.

இன்னொன்று, டைனமிக் மைக்கின் வெளியீடு மிகக் குறைவு. மெல்லிய குரலுக்கு கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, கடைசிவரை திருக வேண்டிவரும். அப்போது ‘உஸ்’ என்ற இரைச்சல் கூடவே வரும்.

நான் வைத்திருப்பது ரோடு என்டி1. அதன் சொந்த இரைச்சல், அதாவது மைக் தானாகவே எழுப்பும் ‘உஸ்’, 4.5 டெசிபல்தான். உங்கள் பணத்துக்கு அது இன்டர்ஃபேஸோடு சேர்த்து அடங்காது என்றால் ஏடி2020 வாங்குங்கள். தங்கச்சியின் தோழி சொன்னது சரி.

#5 தொண்டி_மாணவன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். யுஎஸ்பி மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸ் செலவே இல்லையே, அது போதாதா?

#6 மண்டபம்_ஒலி

தொண்டித் தம்பிக்கு முதலில். தனி ஆள் பேச்சுக்குப் போதும். ஆனால் இரண்டு பேரை இரண்டு மைக்கில் ஒரே நேரத்தில் பதிய வேண்டுமென்றால் யுஎஸ்பி மைக்கில் தொல்லை. அம்பாவில் எடுத்துக்கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் பலர் என்பதால் தங்கச்சிக்கு அது ஆகாது. உங்களுக்கு வேண்டுமானால் சாம்சன் க்யூ2யு, ஏடிஆர்2100எக்ஸ் போன்றவற்றைப் பாருங்கள். கணினிக்கு நேராகப் போகும் யுஎஸ்பி, இன்டர்ஃபேஸில் செருகும் எக்ஸ்எல்ஆர் என இரண்டு வாயும் அவற்றில் உண்டு. பின்னால் இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீணாகாது.

இப்போது கீழக்கரைக் காக்காவுக்கு (அண்ணனுக்கு). மூச்சும் ‘ழ’வும் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. இரைச்சல் விஷயத்தில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன். 94 டெசிபல் ஒலி மைக்கில் விழும்போது எஸ்எம்58 தரும் மின்னழுத்தம் 1.85 மில்லிவோல்ட், அதாவது மைனஸ் 54.5 டெசிபல் வோல்ட். இன்றைய சாதாரண இன்டர்ஃபேஸ்களிலேயே உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 டிபியு (மின்னழுத்தத்துக்கான இன்னொரு டெசிபல் அலகு) அளவில் இருக்கிறது. வோல்ட் கணக்கில் அது ஏறத்தாழ மைனஸ் 130. இரண்டுக்கும் இடைவெளி 75 டெசிபலுக்குச் சற்று மேல். 94-இல் அதைக் கழித்தால் வருவது 18 அல்லது 19. மைக் சுருளின் சொந்த மின்தடையையும் சேர்த்தால் 20 என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல இன்டர்ஃபேஸில் எஸ்எம்58 போட்டால், 20 டெசிபல் சொந்த இரைச்சல் உள்ள ஒரு கண்டென்சரைப் போலத்தான் அது இரையும்.

ஏடி2020-இன் சொந்த இரைச்சல் எவ்வளவு? அதே 20 டெசிபல். ஆக, இந்த இரண்டுக்கும் நடுவே இரைச்சலை வைத்து வாதாட இடமே இல்லை. என்டி1 வேறு சாதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சன்னல் சாத்திய ஒரு சாதாரண அறை இரவிலேயே 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அரிது. ஓலை உரசல் 30-இல் இருக்கும்போது மைக்கின் இரைச்சல் 20-ஆ 4.5-ஆ என்பது காதுக்கு எட்டாது.

எஸ்எம்7பி-க்கும் இதே கணக்கைப் போடுங்கள். அதன் வெளியீடு மைனஸ் 59, எஸ்எம்58-ஐவிட இன்னும் நாலரை டெசிபல் குறைவு. குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது. மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ் தரக்கூடியது 56-தான். நான்காம் தலைமுறையில் 69 ஆக்கியிருக்கிறார்கள். பழைய இன்டர்ஃபேஸ் என்றால் நடுவில் ஒரு பூஸ்டர் வாங்க வேண்டும், அது தனிச் செலவு. 1973-இல் வந்த எஸ்எம்7 வழியில் வந்த அருமையான மைக் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கி அதை வாங்கச் சொல்வது இந்த வேலைக்குப் பொருந்தாத அறிவுரை.

அடுத்து, எல்லா இடத்திலும் உலவும் ஒரு பேச்சு. “டைனமிக் சுற்றுச் சத்தத்தை வாங்காது, கண்டென்சர் எல்லாவற்றையும் வாங்கிவிடும்” என்கிறார்கள். ஒரே திசையமைப்புள்ள இரண்டு மைக்கை ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேளுங்கள். படகுச் சத்தம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். டைனமிக் மைக்கை ஆட்கள் உதட்டருகே வைத்துப் பாடுகிறார்கள், கண்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறார்கள். வேறுபாடு முழுக்க அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் சத்தம் கூடாது. இருபது சென்டிமீட்டரிலிருந்து ஐந்துக்கு வந்தால் 12 டெசிபல் ஆதாயம். எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் வேறெந்த வழியிலும் இந்த 12 டெசிபல் கிடைக்காது.

அதனால் தங்கச்சி, “எந்த மைக்” என்பதைவிட, “எந்த மைக்கை இந்த வாய்க்கு இவ்வளவு அருகே நிலையாக வைத்திருக்க முடியும்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகம் திருப்பிப் பாடும் தாத்தாவுக்கும் அசையாமல் பாடும் உங்களுக்கும் விடை வேறாக வரலாம்.

#7 கீழக்கரை_மெட்டு

கணக்கு நன்றாக இருக்கிறது, தம்பி. ஏடி2020 பற்றிய இரைச்சல் வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஐந்து சென்டிமீட்டரில் வைத்தால் இன்னொன்றும் வருகிறதே? நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். தாலாட்டுப் பாடும் மெல்லிய பெண்குரலில் அந்தக் கனம் சேர்ந்தால் சளி பிடித்த குரல் மாதிரி ஆகிவிடும். அது இல்லாமல் ‘ப’ வரும் இடத்திலெல்லாம் காற்று குத்தும்.

#8 மண்டபம்_ஒலி

உண்மைதான். திசை பார்த்து வாங்கும் மைக் எல்லாவற்றிலும் அந்தத் தடிப்பு வரும், கண்டென்சரையும் சேர்த்துத்தான். எஸ்எம்58 வாயருகே வைத்துப் பாடவே செய்யப்பட்டது என்பதால் அடிச்சுரங்களை வடிவமைப்பிலேயே குறைத்திருக்கிறார்கள். மீதி இருந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மென்பொருளில் வெட்டிவிடலாம். பெண்குரலில் அங்கே எதுவும் இல்லை. காற்றுக் குத்துக்கு மைக்குக்கு முன்னால் பாப் ஃபில்டர் என்ற தடுப்பு போடுங்கள். அதோடு மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், வாயோரத்திலிருந்து சற்றுச் சாய்த்து வையுங்கள். ‘ப’வின் காற்று நேராகப் போய்விடும், குரல் மைக்குக்கு வந்துவிடும்.

#9 ஏர்வாடி_ரேடியோசெட்

திருவிழா, கல்யாணம், கச்சேரி என்று மைக் செட் போடுவதே என் பிழைப்பு. தாத்தா விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேளம்மா.

அசைந்து பாடுகிற ஆளை ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்தாதே. கால் கட்டிப்போட்டால் பாட்டும் கட்டிப்போகும். கையில் கொடு. மைக்கை மோவாயில் ஒட்டிப் பிடிக்கச் சொல். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் கை கூடவே திரும்பும், தூரம் மாறாது. மண்டபம் தம்பி சொன்ன தூரக் கணக்கு இதில் தானாகவே சரியாகிவிடும். கையில் பிடித்துப் பாடுவதற்கென்றே உள்ளே அதிர்வு தாங்கி வைத்துச் செய்த மைக் எஸ்எம்58. 1966-இலிருந்து அதே உருவத்தில் வருகிறது. பந்தலில் எத்தனை தடவை கீழே விழுந்திருக்கிறது என்று எண்ணியதில்லை. கம்பி வலை நசுங்கும், மைக் பாடும்.

பிடிக்கும் விதம் ஒன்றுதான் முக்கியம். வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்கக் கூடாது. பின்பக்கத்துச் சத்தத்தைக் கழிப்பதற்கான காற்று வழி அந்த வலைக்குள்தான் இருக்கிறது. அதை அடைத்தால் மைக் எல்லாப் பக்கமும் வாங்கும், குரலும் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். தாத்தா வலைக்கயிறு பிடித்த பழக்கத்தில் இறுக்கிப் பிடிப்பார். தண்டில் ஒரு துணிநாடா சுற்றி, “இங்கேதான் பிடிக்க வேண்டும்” என்று காட்டிவிடு.

போலி நிறைய உலவுகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் அசல் இல்லை என்றே வைத்துக்கொள். எடை குறைவாக இருக்கும், எழுத்து மங்கலாக இருக்கும், பாடினால் மேல்குரல் கீச்சென்று குத்தும். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்கு.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை வலைத் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சோடு சேர்த்துக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்துப் பூட்டு. எச்சிலும் உப்பும் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்துவிடும்.

#10 தேவிபட்டினம்_படம்

நான் கல்யாணப் புகைப்படக்காரன். பாட்டு ஞானம் குறைவு, ஆனால் கடற்கரைக் காற்று கருவிகளை என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும். இதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

கண்டென்சர் மைக்கின் உள்ளே தாளைவிட மெல்லிய ஒரு சவ்வும் அதற்குப் பின்னால் ஒரு உலோகத் தகடும் நூலிழை இடைவெளியில் நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம் நிலையாக இருக்க வேண்டும். அதனால் அங்குள்ள மின்தடை கோடிக்கணக்கான ஓம்களில் இருக்கும். ஈரக்காற்று உள்ளே போய் ஒரு மெல்லிய நீர்ப்படலம் படிந்தாலே மின்னேற்றம் கசிய ஆரம்பித்துவிடும். ‘பட்பட்’ என்று சோளம் பொரிகிற மாதிரி சத்தம் வருவது அதனால்தான். உப்பும் படிந்தால் காய்ந்த பிறகும் கசிவு முழுக்கப் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பி மழை பிடித்தால் நம் வீடுகளில் தீப்பெட்டியே நமத்துப்போகிறது. மைக் மட்டும் தப்புமா?

டைனமிக் மைக்கில் இருப்பது சுருளும் காந்தமும். ஈரத்துக்கு அது இப்படி மிரளாது. அதற்கு எதிரி இரும்புத்தூள், காந்தம் இழுத்துக்கொள்ளும். பட்டறைக்குப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கண்டென்சர் வாங்குகிறவர்களுக்கு நான் லென்ஸுக்குச் செய்கிற முறையையே சொல்கிறேன். வேலை முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட்டு வைக்காதீர்கள். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது ஈரம் நிறைந்தது என்று கண்ணுக்குத் தெரியும். சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து உடனே வெளிக்காற்றில் நீட்டாதீர்கள், வியர்த்துவிடும். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அரிசி மாவு சவ்வில் படியும், வேண்டாம்.

எந்த மைக் வாங்கினாலும் எக்ஸ்எல்ஆர் கேபிளின் முனைகளைப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு ஏறினால் கரகரப்பு தொடங்கும். பலர் மைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவது இந்தக் களிம்புக்காகத்தான்.

#11 கீழக்கரை_மெட்டு

தேவிபட்டினத்துக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. என்டி1 டப்பாவில்தான் தூங்குகிறது. பதிவுக்கு முன்னால் எடுத்துத் துணி மூடி வைத்து, ஃபான்டம் பவர் என்று கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரம் கொடுத்துச் சிறிது நேரம் விட்டுவிட்டுத்தான் பாடச் சொல்வேன். மழைக்காலத்தில் இந்தச் சடங்கைத் தவறவிட்டால் அன்றைய பதிவு போயிற்று. இது பெரிய பாரம் இல்லை, பழகினால் பழக்கம். கடலோரம் என்பதால் கண்டென்சரே கூடாது என்ற முடிவுக்கு மட்டும் போகாதீர்கள்.

#12 உச்சிப்புளி_இரவு

எனக்கு விமானதளம் பக்கம். ஹெலிகாப்டர் கிளம்பினால் எந்த மைக்காக இருந்தாலும் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மைக்கைவிட முதலில் அறைக்குச் செலவழியுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

வெளிச் சத்தத்தைத் தடுப்பது வேறு, உள்ளே எதிரொலியை அடக்குவது வேறு. முதலாவதுக்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். கதவிடுக்கில் ரப்பர் பட்டை, சன்னலுக்கு உள்பக்கம் கனத்த பலகை. இரண்டாவதுக்கு மென்மையும் தடிமனும் வேண்டும். முட்டை அட்டையும் அரை அங்குல நுரைப் பஞ்சும் இரண்டுக்குமே உதவாது; மேல்சுரத்தை மட்டும் விழுங்கி அறையை மந்தமாக்கிவிடும், நடுக்குரல் அப்படியே முழங்கும். ஓலைப்பாயும் அப்படித்தான், அழகுக்குத் தொங்கவிடலாம்.

நம் வீட்டிலேயே இருக்கும் நல்ல பொருள் பருத்தி மெத்தை. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒன்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். ஏன் முதுகுக்குப் பின்னால் என்றால், மைக் பாடுகிறவரைப் பார்க்கிறது. அவர் தோளுக்கு மேலாகச் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலிதான் அதற்கு நேராக விழுகிறது. மைக்குக்குப் பின்னால் மட்டும் கேடயம் வைத்து விற்கிறார்களே, அது காது கேளாத பக்கத்தை மூடுகிற வேலை. பக்கச் சுவருக்குக் கம்பளியைச் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள், ஒட்டித் தொங்குவதைவிட நன்றாக உறிஞ்சும். டைல்ஸ் மேல் சமுக்காளம்.

மைக்கின் முதுகு எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். முன்பக்கத்தை நன்றாக வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கில் நேர் பின்பக்கம்தான் செவிடு. சன்னலை அந்தப் பக்கம் வரச் செய்யுங்கள். அதைவிடக் குறுகலாக வாங்கும் சூப்பர்கார்டியாய்டு வாங்கினால் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால் இல்லை, 126 டிகிரியில் இரண்டு பக்கமும் விழும். அதற்குத் தக்கபடி திருப்ப வேண்டும்.

#13 தங்கச்சிமடம்_பாடகி

ஏர்வாடி அண்ணன் தன் எஸ்எம்58 ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். பெரிய உதவி. பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஒருவரிடம் ஏடி2020-ஐயும் இன்டர்ஃபேஸையும் இரவல் வாங்கினேன். மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, காய்ந்த ஓலையை வெட்டிவிட்டு, இரவில் பதிவு செய்தோம். கேட்டதைச் சொல்கிறேன்.

முதலில் தாத்தாவைக் கண்டென்சருக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நிறுத்தினேன். முதல் இரண்டு வரி கண்ணாடி போல இருந்தது. மூன்றாவது வரியில் கை வலை இழுக்கத் தொடங்கியதும் முகம் கடல் பக்கம் திரும்பியது. அந்தக் கணத்தில் ‘ஏலேலோ’வின் முதல் பாதி முன்னால் நின்றது, மறுபாதி சுவருக்குள் போய்விட்டது. தெருவில் போன மோட்டார் சைக்கிள் அந்த இடைவெளியில் புகுந்துகொண்டது. பிறகு எஸ்எம்58-ஐக் கையில் கொடுத்தோம். தண்டில் நாடா சுற்றிய இடத்தைப் பிடித்துக்கொண்டார். இடக்கையில் மைக், வலக்கையில் இல்லாத கயிறு. ஒரு வரிகூட அமுங்கவில்லை. மூச்சை அடக்கி உந்தும்போது நெஞ்சிலிருந்து வருகிற அந்த ‘ம்’ முழுசாக வந்திருக்கிறது. அதைக் கேட்டதும் பாட்டி அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

என் தாலாட்டு வேறு கதை. எஸ்எம்58-இல் குரல் அருகில் இருக்கிறது, நிறைவாகவும் இருக்கிறது, ஆனால் சொற்களின் விளிம்பு கொஞ்சம் மழுங்கல். கண்டென்சரில் மெத்தை வைத்த பிறகு விளிம்பு துல்லியமாக வந்தது. ‘ச’ மட்டும் சற்றுக் கூர்மை. கண்டென்சரையே எடுத்துக்கொள்ளலாமா என்று மனம் இழுக்கிறது.

இன்னொரு சந்தேகம். வாங்கிப் பாடுகிறவர்களையும் சேர்த்துப் பதிய வேண்டுமே? அறையில் எட்டுப் பேர் நிற்க இடமில்லை. கரையிலேயே போய்ப் பதிந்தால் என்ன?

#14 மண்டபம்_ஒலி

கரையில் பதிவதானால் மைக்கைவிடக் காற்றை முதலில் பாருங்கள். வைகாசியிலிருந்து கச்சான் (தென்மேற்குக் காற்று) பிடித்துவிட்டால் தென்கடல் பக்கம் நிற்கவே முடியாது; மைக்கில் வரும் நுரைத் தொப்பி அதற்குக் காணாது, நீள மயிர் வைத்த காற்றுறை வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அந்த ‘தடதட’ இருக்காது, ஆட்களும் ஊரில் இருப்பார்கள். தடை தொடங்கிய முதல் வாரங்களில், கச்சான் வலுக்கும் முன்னால், வடகடல் பக்கம் தோப்பு மறைவில் அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா கையில் எஸ்எம்58. வாங்குகிறவர்களை அரைவட்டமாக நிறுத்தி, நடுவில் இரண்டாவது மைக்கை ஸ்டாண்டில் வையுங்கள். தாத்தாவின் மைக்கின் முதுகு அவர்களைப் பார்க்கும்படி நின்றால் இரண்டு பதிவும் தனித்தனியாகத் தெளிவாக வரும். பின்னால் கலக்கும்போது அருமை தெரியும்.

மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டுங்கள். வீட்டிலும் அப்படித்தான், பூமி இணைப்புச் சரியில்லாத சுவிட்ச்போர்டில் சார்ஜரைச் செருகினால் ‘ங்ங்’ என்ற முனகல் பதிவில் ஏறிவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பாவில் குரல் திடீரென்று எழும். மேலே இடம் விட்டு வைக்காவிட்டால் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். பதிவு தொடங்கும்போது தாத்தாவையே சொல்லச் சொல்லுங்கள்: எந்த ஊர், எந்த வேலைக்குப் பாடுகிற அம்பா, யாரிடம் கற்றது. பாட்டு மட்டும் இருந்து இந்த விவரம் இல்லாமல் போனால், பின்னால் கேட்கிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

வாங்கும் வரிசை என் கணக்கில் இது: இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ், ஒரு எஸ்எம்58, நல்ல கேபிள் இரண்டு, கனத்த ஸ்டாண்டு. இருபத்தைந்தாயிரத்தில் இதற்கே பெரும்பகுதி போய்விடும். கண்டென்சர் அடுத்த வருடத்துக்கு.

#15 கீழக்கரை_மெட்டு

தாத்தாவுக்கு எஸ்எம்58 என்பதில் எனக்கும் இப்போது மறு பேச்சில்லை. தாலாட்டுக்கு நான் இன்னும் கண்டென்சர் பக்கம்தான். தங்கச்சியின் காதே அதைச் சொல்லிவிட்டது. அடுத்த வருடம் வரை அந்தக் குரலை மழுங்கலாகப் பதிய வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

#16 மண்டபம்_ஒலி

அடுத்த வருடம் மறுபடி பாடலாம், காக்கா. தாத்தாவுக்கு அந்த உறுதி கிடையாது. இருக்கிற பணம் அவர் பக்கம்தான் முதலில் போக வேண்டும்.

#17 கீழக்கரை_மெட்டு

அதுவும் நியாயம்தான். அப்படியானால் வாங்க வேண்டாம், என்னுடையதை இரவல் தருகிறேன். என்டி1-ஐ டப்பாவோடு எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், தாலாட்டுகளை ஒரே இரவில் முடித்துவிடலாம். மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாளைச் சொல்லுங்கள்; வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

#18 தங்கச்சிமடம்_பாடகி

மிக்க நன்றி, காக்கா. வருகிற சனிக்கிழமை இரவு வசதிப்படுமா? பக்கத்து வீட்டில் மோட்டார் போட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எஸ்எம்58-க்கும் இன்டர்ஃபேஸுக்கும் இன்று பணம் கட்டியாயிற்று. ஸ்டாண்டு மட்டும் பாக்கி. ஸ்டாண்டின் மரை ஒரு அளவும் மைக் கிளிப்பின் மரை வேறு அளவும் இருக்கும் என்று கேள்விப்பட்டேன், அதற்கு என்ன செய்வது?

#19 ஏர்வாடி_ரேடியோசெட்

எட்டில் மூன்று அங்குலம், எட்டில் ஐந்து அங்குலம் என்று இரண்டு அளவு உண்டம்மா. நடுவில் போடுகிற பித்தளை மரை என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. காக்கா அங்கே கிளம்பும் முன்னால் ஏர்வாடிக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன், காசு கொடுத்து வாங்காதே.